இரண்டு வருட வீட்டுக்கு எத்தனை கதிரை?

சென்ற ஆண்டு மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர், பூநகரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்த பெண்கள் சேமிப்புக் குழுக் கூட்டத்துக்கு நாம் போயிருந்தோம். விதைநெல், கோழித்தீன், கடன் நிலுவை என்ற வழமையான கதைகள் முடிந்து எல்லோரும் எழும்பும் நேரம், ஒரு தாய் எம்மிடம் வந்து மடித்த கடதாசி ஒன்றை நீட்டினார். தளபாடக் கடை ஒன்றில் எழுதிக் கொடுத்த கணக்கு அது. கட்டில் இரண்டு, மெத்தை, அலுமாரி, சோபா செட், மேசை.

"மூத்தவன் உயர்தரம் படிக்கிறான். பெட்டை பத்தாம் வகுப்பு. ரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிப் பக்கம் ரண்டு வருசம் இருக்கப்போறன். அவர் இஞ்சை வயலோடை நிப்பார். ரண்டு அறையும் ஒரு சின்னக் குசினியும், வெறும் வீடு. சாமான் எல்லாம் தவணைக்குத் தருவினமாம். எடுக்கட்டோ?"

இந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. தூரப் பிரதேசத்துக்கு இடமாற்றம் கிடைத்த ஆசிரியர், முதல் நியமனம் பெற்ற குடும்பநல மாது, சொந்த வீட்டு வேலை முடியும்வரை ஒதுங்கியிருக்கும் குடும்பம் என்று ஓராண்டுக்கும் ஈராண்டுக்கும் வாடகை வீடு எடுப்போர் எமது பகுதிகளில் நாளுக்கு நாள் கூடி வருகின்றனர். வாடகையையும் முற்பணத்தையும் எல்லோரும் கணக்கிடுகிறார்கள். வெறும் வீட்டை வீடாக்குவதற்கு ஆகும் செலவைக் கணக்கிடுவோர் மிகக் குறைவு. கடன் நுழைவது அந்த வாசலால்தான்.

கடதாசியில் இருந்த கணக்கு

மொத்த விலை 120,000 ரூபா. முதலில் 20,000 கட்டவேண்டும். மீதி 100,000க்கு மாதம் 6,000 வீதம் 24 மாதம். கூட்டிப் பார்த்தால் தவணை மட்டும் 144,000. ஆகவே 120,000 ரூபாச் சாமானுக்கு 164,000 ரூபா போகிறது. வட்டி 22 வீதம்தான் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அது பொய்யல்ல, ஆனால் முழு உண்மையும் அல்ல. 100,000 ரூபாவும் இரண்டு வருடமும் எம் கையில் இருந்தால் அது 22 வீதம். நாமோ முதல் மாதத்திலிருந்தே முதலையும் சேர்த்துத் திருப்பிக் கட்டி வருகிறோம். குறைந்துகொண்டு போகும் நிலுவைக்குக் கணக்குப் பார்த்தால் வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 38 வீதம். தவணைக்கு எதை வாங்கும்போதும், "வட்டி நிலுவைக்கோ, முழுத் தொகைக்கோ?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கடையில் கையெழுத்து வைக்கவேண்டாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. பூநகரி வயல் பெரும்பாலும் மழையை நம்பியது. காலபோகம் ஒன்றுதான், நெல்லுக்காசு ஆண்டில் ஒருமுறை வரும். தவணைக்காரரோ மாதம் ஒருமுறை வருவார். இடையில் உள்ள பதினொரு மாதமும் எதை விற்றுக் கட்டுவது? முதற்காசு 20,000க்கே சங்கிலியை அடகு வைக்க அவர் எண்ணியிருந்தார். மகனின் படிப்புக்கென்று ஊரைவிட்டுப் போகும் குடும்பத்தில் மாதம் 6,000 குறைந்தால், முதலில் நிற்பது ரியூசன் காசாகத்தான் இருக்கும். சோபா இருக்கும், பாடம் இராது.

"இப்ப எடுக்கவேண்டாம். முதல்லை வீட்டைப் பாப்பம்" என்று சொன்னோம்.

எமது அலுமாரியின் கதை

இதில் எமக்கும் ஒரு பழைய காயம் உண்டு. கள வேலைக்காகப் பதினான்கு மாதம் ஒரு வாடகை வீட்டில் இருந்தபோது, மெலமைன் ஒட்டிய பலகையில் செய்த மூன்று கதவு அலுமாரி ஒன்றை ஆசையோடு வாங்கினோம். வாங்கிவந்த அன்றே அது அறைக் கதவால் போகவில்லை. கழற்றி, உள்ளே வைத்துப் பூட்டினோம். மரத்தூளைப் பசையால் இறுக்கிச் செய்யும் அந்தப் பலகையில் ஆணி ஒருமுறை பிடிக்கும். கழற்றி மறுபடி முறுக்கினால் துளை தளர்ந்துவிடும். வீடு மாறும்போது இரண்டாம் முறை கழற்றினோம். லொறியில் போகும் வழியில் மழை. தண்ணீர் குடித்த ஓரங்கள் பாண் போல ஊதிவிட்டன. கடைசியில் அதன் பின்பலகை கோழிக்கூட்டுக்குக் கூரையாயிற்று; அதுவும் ஒரு மாரி தாங்கவில்லை.

அன்றிலிருந்து எம்மிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. குறுகிய காலத்து வீட்டில் சேரும் சாமான் முழுவதும் ஒரு லான்ட்மாஸ்டர் பெட்டிக்குள் அடங்கவேண்டும். ஒவ்வொரு பொருளையும் வாங்கும் முன், திரும்பிப் போனபின் ஊரில் இதற்கு என்ன வேலை என்றும் கேட்டுக்கொள்வோம். வேலை இருந்தால் அது செலவல்ல. முன்கூட்டி வாங்கியது மட்டுமே.

வீட்டுக்காரர் விட்டுவைத்தவை

அடுத்த கிழமை அந்தத் தாயுடன் வீட்டைப் பார்க்கப் போனோம். நாம் முதலில் பார்த்தது பின் விறாந்தையை. வாடகைக்கு விடும் வீடுகளில் சொந்தக்காரர் ஒதுக்கிய பழைய சாமான்கள் அங்கேதான் கிடக்கும். பலகை போட்ட கட்டில் ஒன்றும், கால் ஆடுகிற வாங்கு ஒன்றும் கிடந்தன. வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டபோது, "கிடந்து உக்குறதுக்குப் பாவியுங்கோவன்" என்றார். கேட்காவிட்டால் தந்திருக்கமாட்டார்.

அப்படிப் பெறுவதை எழுத்தில் வைத்துக்கொள்வது இரு பகுதிக்கும் நல்லது. என்னென்ன சாமான், என்ன நிலையில், எந்தத் திகதியில் என்று இரண்டு பிரதி எழுதி இருவரும் கையெழுத்திட்டால், வீடு விடும்போது முற்பணத்தில் கழிக்கும் சண்டை வராது. வெடித்த யன்னல் கண்ணாடி, ஒழுகும் பைப் என்பவற்றையும் அதிலேயே எழுதுங்கள். சுவரில் ஆணி அடிக்கலாமா என்று கேட்க மறக்கவேண்டாம். சிலருக்கு வாடகை பிந்துவதைவிட ஆணிதான் பெரிய குற்றம்.

கட்டில் தாய்க்கும் மகளுக்கும் போதும். மகனுக்கு ஊரிலிருந்து சாக்குக் கட்டில் வந்தது. இளைய வாசகர்கள் பலர் அதைக் கண்டிருக்கமாட்டார்கள். இரு பக்கமும் நீளக் கம்பு, குறுக்காக மடியும் கால், நடுவில் சாக்கு. பகலில் மடித்துச் சுவரில் சாய்த்துவிட்டால் அறை முழுவதும் வெளிதான். சாக்குக்குப் பதிலாகத் தடித்த கன்வஸ் துணி தைத்துப் போட்டால் நெடுநாள் உழைக்கும். சாய்மனைக் கதிரையும் இதே இனம்தான். துணியைக் கழற்றித் தோய்க்கலாம், மடித்துத் தூக்கலாம். பனையோலைப் பாய், கடகம், உறி, றங்குப்பெட்டி எல்லாமே தூக்கிக்கொண்டு போகக்கூடியவை. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தை விட்டு வெளியேறிய மக்கள் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவற்றில் பாயும் பெட்டியும் குடமும் இருந்தன. அலுமாரிகள் வீட்டோடு நின்றன. விரும்பி வாடகைக்குப் போவதையும் அந்த வெளியேற்றத்தையும் நாம் ஒன்றாக வைக்கவில்லை. ஆயினும் எதைத் தூக்கலாம், எதைத் தூக்க முடியாது என்பது அந்தத் தலைமுறைக்குத் தோளிலேயே பதிந்திருக்கிறது.

உடுப்புக்கு அலுமாரி வேண்டாமா என்றார் தாய். றங்குப்பெட்டி ஒன்று, அறையின் மூலைக்கு மூலை ஒரு கொடிக்கயிறு, அதில் பத்து ஹங்கர், முன்னால் ஒரு பழைய நூற்சேலை. சேலை தூசியையும் மறைக்கும், உடுப்பையும் மறைக்கும். இன்னொரு சேலையை அறையின் நடுவே கட்டும்படி நாம் வற்புறுத்தினோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு உடுப்பு மாற்ற ஒரு மறைவு வேண்டும். காசில்லை என்று பிற்போடும் காரியமல்ல அது.

படிக்கிற மேசை

காசு செலவழிக்கத்தக்க இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். இந்தக் குடும்பம் ஊரைவிட்டு வந்ததே படிப்புக்காக. கட்டிலில் குந்தியிருந்து மடியில் கொப்பி வைத்து எழுதும் பிள்ளைக்கு ஒரு மணித்தியாலத்தில் முதுகு நோகும். இரண்டாவது மணித்தியாலத்தில் நித்திரை வரும்.

யாழ்ப்பாணத்தில் பழைய வீடுகளை இடிக்கும்போது கழற்றும் கதவு, நிலை, யன்னல்களை விற்கும் இடங்கள் உள்ளன. அங்கே செதுக்கு வேலைப்பாடில்லாத மட்டமான பலகைக் கதவு ஒன்று கிடைத்தது. ஆறரை அடி நீளம், இரண்டே முக்கால் அடி அகலம். இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து எழுதத் தாராளமாகக் காணும். விரித்த காலுடன் இரண்டு தாங்கிகளை, ஊரிலிருந்து கொண்டுவந்த பனஞ்சிலாகைத் துண்டுகளில் தச்சர் ஒருவர் அரை நாளில் செய்து தந்தார். தாங்கியின் உயரம் 28 அங்குலம், கதவின் தடிப்பு ஒன்றரை அங்குலம். மேசை இருபத்தொன்பதரை அங்குலத்தில் வந்து நின்றது. 17 அல்லது 18 அங்குலக் கதிரைக்கு இது பொருந்தும். கைபிடி இல்லாத பிளாஸ்ரிக் கதிரையாக வாங்கினால் மேசைக்குக் கீழே தள்ளிவிடலாம். பூட்டுத் துவாரத்தால் பேனை விழும் என்று நாம் கவலைப்பட்டோம். மகன் அதற்குள்ளால் விளக்கு வயரை விட்டுக் காரியத்தை முடித்துவிட்டான்.

பழைய கதவில் ஒரு எச்சரிக்கை. பெயின்ற்றில் சேர்க்கும் ஈயத்தின் அளவுக்கு இலங்கையில் சட்ட எல்லை நடைமுறைக்கு வந்தது 2013இல். அதற்கு முந்திய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். ஈயத்தூள் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகையால் உலர்ந்த கதவை அரத்தாளால் உரஞ்சித் தூளைப் பறக்கவிட வேண்டாம். நனைத்துத் துடைத்து, மேலே தடித்த பிளாஸ்ரிக் விரிப்பை இழுத்து அடித்துவிடுவது போதுமானது.

புத்தகத் தட்டுக்குப் பதினாறு அங்குலச் சீமெந்துக் கல் ஆறும், மூன்றரை அடிப் பலகை மூன்றும் எடுத்தோம். இரண்டு கல்லைப் படுக்க வைத்து ஒரு பலகை. அதன்மேல் இரண்டு கல்லை நிமிர்த்தி மறு பலகை. மீண்டும் இரண்டு கல், மீண்டும் பலகை. கடைசிப் பலகை நிலத்திலிருந்து மூன்றடியளவில் நிற்கும். இதற்குமேல் உயர்த்தவேண்டாம், சுவரோடு ஒட்டி வையுங்கள், பாரமான புத்தகங்கள் கீழே இருக்கட்டும். தவழும் பிள்ளையுள்ள வீட்டில் இந்தத் தட்டு கூடவே கூடாது. கடைகளில் கழிக்கும் இறக்குமதிப் பலகைத் தட்டுகளைச் சிலர் இதற்கு எடுக்கிறார்கள். அவற்றில் சூடு வைத்த மரத்துக்கு 'எச்.ரி' என்ற ஆங்கில எழுத்துக்கள் குத்தப்பட்டிருக்கும். 'எம்.பி' என்றிருந்தால் நச்சுப்புகை அடித்த மரம். அதை வீட்டுக்குள் எடுக்கவேண்டாம்.

பழையது வாங்கும்போது

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி, திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பக்கங்களில் மாணவர் தங்கும் அறைகள் ஏராளம். படிப்பு முடிந்து போகிறவர்கள் மேசை, கதிரை, மின்விசிறி என்பவற்றை வந்த விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். உயர்தரப் பரீட்சை முடிந்த கிழமையும் அப்படித்தான். வீடு எடுப்பதற்கு ஒரு மாதம் முன்னரே அயலில் சொல்லி வைப்பது, கடை கடையாக ஏறி இறங்குவதைவிடப் பயன் தரும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் விலைகள் ஏறிய பின்னர், புதிதுக்கும் பழையதுக்கும் இடையிலான வித்தியாசம் அலட்சியம் செய்யக்கூடியதல்ல.

மரச்சாமானைத் திருப்பிப் பாருங்கள். சிறு துளையும் அதன் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் பூச்சி இன்னும் உள்ளே வேலை செய்கிறது. துளை மட்டும் இருந்து, தட்டினாலும் தூள் விழாவிட்டால் பெரும்பாலும் பழைய கதை. மின்விசிறியை அரை மணித்தியாலம் ஓடவிட்டு மோட்டரைத் தொட்டுப் பாருங்கள்; கை வைக்க முடியாத சூடென்றால் விட்டுவிடுங்கள்.

பழையதாக ஒருபோதும் வாங்கக்கூடாதவையும் உண்டு. காஸ் அடுப்பின் இறப்பர்க் குழாயும் ரெகுலேற்றரும் புதிதாகவே இருக்கவேண்டும். 2021இன் கடைசி மாதங்களில் நாட்டின் பல பாகங்களிலும் காஸ் வெடிப்புகள் நடந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அடுத்தது மெத்தை. அதன் மடிப்பிலே மூட்டைப்பூச்சி இருக்கும். இரத்தம் குடிக்காமலே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஒருநாள் வெயிலில் போட்டால் மேலே உள்ளவை சாகும், உள்ளே உள்ளவை இரவில் வெளிவரும். வீட்டுக்கார அம்மாவின் கட்டிலைக்கூட நாம் முற்றத்தில் போட்டு, மூட்டு மூட்டாகக் கொதிநீர் ஊற்றிய பிறகே உள்ளே எடுத்தோம். மெத்தைக்குப் பதில் அவர்கள் இரண்டு பாயும் மேலே பருத்தித் துப்பட்டியும் விரித்தார்கள். தலையணை ஊர் இலவம் பஞ்சில் தைத்தது.

எறும்புச் சிரட்டை

குசினி பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு தட்டு, ஒரு உறி, மூடியுள்ள வாளி இரண்டு, வெங்காயத்துக்கு ஒரு கடகம். ஒரு விடயத்தை மட்டும் சொல்லவேண்டும். எறும்பு ஏறாதபடி சாப்பாட்டுத் தட்டின் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைக்குள் வைப்பது எமது பழைய வழக்கம். மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் இலங்கைக்குச் சான்று தந்தது உண்மை. டெங்கு போகவில்லை. டெங்கு நுளம்புக்கு அந்தச் சிரட்டைத் தண்ணீரே போதும். முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் எடுக்கும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை தண்ணீரை ஊற்றி, சிரட்டையின் உட்பக்கத்தை உரஞ்சிக் கழுவவேண்டும். முட்டை பக்கத்தில் ஒட்டியிருப்பதால் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. அந்த நுளம்பு பகலில் கடிப்பது. படித்துக் களைத்து மத்தியானம் படுக்கும் பிள்ளைக்கும் வலை வேண்டும். வலை மட்டும் புதிதாக வாங்கினோம்.

ஆட்கள் வந்தால்

சோபாவில்தான் கதை நின்றது. தாய் விட்டுக்கொடுத்தாலும் தகப்பன் விடவில்லை. "சொந்தக்காரர் வந்தால் எங்கை இருத்திறது? பாயிலையோ? ஊரிலை என்ன கதைப்பினம்?" என்று எம்மையே கேட்டார். இதைச் சிரித்துத் தள்ளிவிட நாம் தயாரில்லை. பட்டணத்தில் வாடகைக்கு இருக்கும் கிராமத்துக் குடும்பத்துக்கு அந்தப் பயம் உண்மையானது. வீட்டின் ஏழ்மையை முன் விறாந்தையில் வைத்து எடைபோடும் பழக்கம் எம்மிடையே இருக்கும்வரை, தவணைக் கடைகளுக்கு வியாபாரம் குறையாது.

ஆனால் வருகிறவர் எத்தனை பேர் என்று கேட்டோம். மாதத்தில் ஒருதரம், இரண்டு மூன்று பேர். பிள்ளைகளின் கதிரை இரண்டு, மேலதிகமாக ஒன்று, சாய்மனைக் கதிரை ஒன்று. காலுக்குக் கட்டை அடித்த வாங்கில் மூன்று பேர் இருக்கலாம். எல்லாமாக ஏழு பேருக்கு இடமிருக்கிறது. வாங்கை உரஞ்சி வார்னிஷ் பூசியது மகள். தகப்பன் பேசாமல் இருந்தார். ஒத்துக்கொண்டார் என்று சொல்லமாட்டோம்.

செலவு எல்லாமாக முப்பதினாயிரம் ரூபாவுக்குள் முடிந்தது. ஒரு கிடாய் விற்ற காசும், குழுவில் அவர் சேமித்த காசும் அதற்குப் போதுமாயிருந்தன.

சென்ற மாதம் அந்த வீட்டுக்குப் போனோம். தாயின் கழுத்தில் சங்கிலி கிடந்தது. மகன் ரியூசனுக்குப் போயிருந்தான். கதவு மேசையின் அவன் பக்கத்தில் பௌதிகவியல் கொப்பிகள் குவிந்திருந்தன. அன்று தகப்பனும் புதுநெல் அரிசி மூட்டையோடு வந்திருந்தார். சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருந்து தேத்தண்ணி குடித்தவர், போகும்போது புத்தகத் தட்டடியில் குனிந்து கற்களை எண்ணினார். வீடு விடும்போது அந்த ஆறு கல்லும் தனக்குக் கிணற்றடிக்கு வேணும், ஒருத்தருக்கும் குடுத்துப்போடவேண்டாம் என்று தாயிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார்.